பெயருக்காகச் சேர்த்த கல்லூரி

நான்கு வருடங்களுக்கு முன்பு, எண்ணூரிலிருந்து பாரிமுனை போகும் காலை பஸ்ஸில் நடந்தது இது. என் மகள் அப்போது கல்லூரியில் முதல் வருடம். வருகைப் பதிவு குறைவாக இருக்கிறது, பெற்றோர் வந்து பார்க்கவும் என்று கல்லூரியிலிருந்து தகவல் வந்திருந்தது. மருந்துக் கடையில் பில் போடும் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அவளோடு கிளம்பினேன்.

அந்தக் கல்லூரியில் அவளைச் சேர்த்தது நான்தான். அவளுக்கு வேதியியல் படிக்க ஆசை. வீட்டிலிருந்து கால் மணி நேரத்தில் போய்விடக்கூடிய கல்லூரியில் அதற்கு இடமும் கிடைத்தது. ஆனால் அதன் பெயர் எங்கள் பகுதியைத் தாண்டினால் யாருக்கும் தெரியாது. நகரத்துக்குள் இருந்த பெரிய கல்லூரியில் கார்ப்பரேட் செக்ரட்டரிஷிப் என்ற வணிகப் படிப்புதான் கிடைத்தது.

"எனக்கு அது வேணாம்மா" என்றாள்.

"பேரச் சொன்னாலே வேலை குடுப்பாங்க. எந்த சப்ஜெக்ட்டா இருந்தா இன்னா?" என்று அவள் வாயை அடைத்துவிட்டேன். கடைக்கு வருகிறவர்களிடம் அந்தப் பெயரைச் சொல்வதில் எனக்கும் ஒரு பெருமை இருந்தது. அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது?

அன்று பஸ்ஸில் ஏறும்போதே கூட்டம். நெரிசலில் நாங்கள் பிரிந்துவிட்டோம். திருவொற்றியூர் தாண்டியதும் எனக்கு உட்கார இடம் கிடைத்தது. முன்னால் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றதால் பஸ் நகரவே இல்லை. பக்கத்தில், ஆஸ்பத்திரித் துப்புரவு வேலைக்கான சீருடைச் சேலையில் ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். அவர் முன்பக்கம் கை காட்டினார்.

"அந்தப் பொண்ணப் பாரேன், நின்னுகினே தூங்குது. தெனமும் இதே கததான். ஒரு நாளு படியாண்ட வுழப் பாத்துச்சி, நான்தான் புடிச்சி இஸ்தேன்."

கம்பியில் சாய்ந்து, பையை மார்போடு அணைத்தபடி தூங்கிக்கொண்டிருந்தது என் மகள்.

"எந்தத் தாயி அனுப்பிக்கினு கீறாளோ. கிட்டத்துல காலேஜே இல்லியா இன்னா?"

சொல்லிக்கொண்டே அவர் எழுந்து, "கண்ணு, இங்க வந்து குந்து" என்று அவளைத் தன் இடத்தில் உட்காரவைத்தார். உட்கார்ந்தவள் என் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனாள். அந்தப் பெண்மணி எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். புரிந்திருக்க வேண்டும். கல்மண்டபத்தில் இறங்கும்போது என் கையை லேசாகத் தொட்டுவிட்டுப் போனார்.

கல்லூரியில், முதல் வகுப்புக்குப் பாதி நாள் வருவதே இல்லை என்றார்கள். மன்னிப்புக் கேட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். திரும்பும் வழியில், "இவ்ளோ கஷ்டம்னு ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா இன்னாம்மா பண்ணியிருப்ப?" என்றாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை, களைப்புதான் இருந்தது.

அடுத்த வாரமே பக்கத்துக் கல்லூரிக்குப் போய் விசாரித்தேன். அவளுடைய இடம் எப்போதோ நிரம்பிவிட்டது, அடுத்த வருடம் வாருங்கள் என்றார்கள். ஒரு வருடத்தை வீணாக்க அவளுக்கு மனசில்லை. அதே பஸ்ஸில் மூன்று வருடத்தையும் ஓட்டி முடித்தாள். இன்று மணலியில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். நேர்முகத் தேர்வில் கல்லூரியின் பெயரைக் கேட்டதும் அதிகாரி மெச்சித் தலையாட்டினாராம். அதையும் சொல்லத்தான் வேண்டும். வேதியியலைப் பற்றி அவள் இப்போது பேசுவதே இல்லை.

எந்தக் காலேஜில் சேர்க்கலாம் என்று அக்கம்பக்கத்தில் யாராவது என்னிடம் கேட்டால், பிள்ளைக்கு என்ன படிக்க ஆசை என்றுதான் முதலில் கேட்கிறேன். என் பெண் அதை வாய்விட்டுச் சொல்லியும் காதில் வாங்காமல் போனவள் நான்.