மடித்த கால்கள்

காரில் ஏறியதும் சுபாஷினி முதலில் செருப்பைக் கழற்றுவாள். பிறகு இரண்டு காலையும் சீற்றின்மேல் மடித்து, கோயில் மண்டபத்தில் இருப்பதுபோலச் சம்மணம் கொட்டி உட்காருவாள். பழகுகிற காரில் பழக்குகிறவருக்கென்று இடப்பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதிக்க அவளுடைய கால் கீழே இல்லை. "இனி நீங்கதான் நிப்பாட்ட வேணும்," என்பாள் பழக வந்தவரிடம், தேத்தண்ணி ஊற்றச் சொல்வதுபோல.

வெள்ளவத்தையில் இருபத்திரண்டு வருஷமாகக் கார் பழக்குகிறவன் நான். எட்டாம் வகுப்போடு நின்றவன். தெரிந்தது கிளச்சும் கியரும்தான். சுபாஷினி இந்தத் தொழிலுக்கு வந்து மூன்று வருஷம் ஆகவில்லை, போர்டில் 'டிரைவிங் கோச்' என்று போட்டிருக்கிறாள். காலையில் மரைன் டிரைவ் ரோட்டில் அவளுடைய சிவப்புக் கார் என்னை முந்தினால் எனக்கு வயிறு எரியும். பொய் சொல்லி என்ன பயன்.

முதல் நாள் எஞ்சினையே போட விடமாட்டாள். கடல் பக்கமாக நிறுத்தி வைத்துக் கதைதான். "உங்களுக்கு ஏலாது எண்டு முதன்முதல் சொன்னது ஆர்?" இதுவும் ஒரு பாடமா என்று சிரித்திருக்கிறேன்.

பொரளையில் ஆட்களின் நெஞ்சைப் பிளந்து தைக்கிற டொக்டர் அம்மா ஒருவர். ஸ்டியரிங்கைப் பிடித்தால் கை நடுங்கும். "பஸ்ஸிலை போங்கோ மிஸ், ஊருக்கு நல்லது," என்று நான் அனுப்பிவிட்டேன். சுபாஷினியிடம் ஒன்றரை மாதம் போனார். இப்போது என்னைக் கண்டால் ஹோர்ன் அடித்துவிட்டுப் போகிறார்.

ஒன்றைக் கண்டுபிடித்தேன். கால் மடித்திருந்தாலும் அவளுடைய வலது கை, துப்பட்டாவுக்குக் கீழே, ஹேன்ட்பிரேக்கில்தான் இருக்கும். கள்ளி என்று சந்திக்குச் சந்தி சொல்லித் திரிந்தேன். அந்தக் கை இழுத்ததை மட்டும் ஒருநாளும் காணவில்லை.

என் மனுசி கௌரி என்னிடம் பழகி இரண்டு தரம் லைசன்ஸ் ட்ரயலில் விழுந்தவள். எனக்குச் சொல்லாமல் சுபாஷினியிடம் போய், மூன்றாம் தரம் பாஸ்.

"ஏலாது எண்டு ஆர் சொன்னதெண்டு கேட்டவவோ?" என்றேன்.

"ஓம்."

"என்ன சொன்னனீ?"

"உங்கட பேரைத்தான். வேற ஆற்ற பேரைச் சொல்லுறது?" சோற்றைப் போட்டபடியே சொன்னாள்.

ஆனால் லைசன்ஸ் எடுத்த பிறகும் நான் பக்கத்தில் ஏறினால் அவளுக்குக் கார் நகராது. போன ஞாயிறு சுபாஷினியைக் கூப்பிட்டாள். என் கார்தான்; நான் இடப்பக்கம், சுபாஷினி பின்னால். புறப்பட்ட இடத்திலேயே இரண்டு முறை எஞ்சின் நின்றது. "கிளச்சை மெல்ல விடு எண்டு எத்தினை தரம் சொல்லுறது," என்றேன்.

"அண்ணை, கீழை பாருங்கோ," என்றாள் சுபாஷினி.

பார்த்தேன். என் கால் என் பக்கத்துப் பிரேக்கில், அமுக்கினபடி.

"இவர் இறங்கட்டும்," என்றாள் கௌரி, தெருவைப் பார்த்தபடி.

"வேண்டாம் அக்கா." சுபாஷினி வெறுங்காலோடு இறங்கி வந்து என் கதவைத் திறந்தாள். குனிந்து, என் செருப்பு இரண்டையும் கழற்றி எடுத்துப் பின்னால் தன் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு நான் காலைத் தூக்கி மடிக்கும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.