ஜனார்த்தனன் வீட்டில் சிரிக்கும் இடம்

கண்டி மாநகரசபையில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்ற ஜனார்த்தனன், எவரும் சீண்டாத பழைய நகைச்சுவைப் படங்களைச் சேர்க்கிறார். முந்நூற்றுச் சொச்சம் வீடியோ கெசட்டுகள். இந்த ஊர் ஈரத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும் என்று அலுமாரிக்குள் நாள் முழுக்க ஒரு பல்ப் எரிகிறது. மனைவி குசினியில் சமைக்கப் பல்ப் போட்டால் மட்டும், "பகல்தானே" என்பார்.

நான் பக்கத்து வீட்டில் தைக்கிறவள். அவர் சிரித்து ஒருநாளும் கண்டதில்லை. சிரிப்பு வருவதற்குச் சற்று முன்னால் படத்தை நிறுத்தி, வரப்போவது ஏன் சிரிப்பு என்று விளக்குவார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள் என்பதால் எனக்கு மட்டும் இரண்டு தரம்.

இலக்கிய வட்டத்தின் மண்டபத்தில் மாதாமாதம் படம் போட வேண்டும், தானே தலைமை தாங்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. வட்டத்தின் செயலாளர் ரவிகுமார், "முதல்ல உங்க வீட்ல ஒண்ணு பார்க்கிறோம் ஐயா. சனம் சிரிக்குமான்னு தெரியணும்" என்றார்.

ஞாயிறு காலை ரவிகுமாரும் இரண்டு உறுப்பினர்களும் வந்தார்கள். அதற்கு முன்பே என்னையும் மனைவியையும் பின்னால் உட்காரவைத்திருந்தார் ஜனார்த்தனன்.

"தங்கச்சி, நான் கையத் தூக்கினா சிரிக்கணும். நிரஞ்சனி, நீயும்தான்."

"முப்பது வருஷமா அடக்கிக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றார் அவர் மனைவி நிரஞ்சனி அக்கா.

படத்தில் ஒருவர் வாத்தோடு சைக்கிளில் பெண் பார்க்கப் போகிறார். ஜனார்த்தனன் நிறுத்தினார். "இப்ப வாத்து ஹேண்டில்ல ஏறும். ஏன்னா..." கால் மணி நேரத்தில் பதினொரு தரம் நிறுத்தினார். கை உயர்ந்தபோதெல்லாம் நாங்கள் சிரித்தோம். இழவு வீட்டில் சிரித்தவர்களைப் பார்ப்பதுபோல் உறுப்பினர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். பன்னிரண்டாம் தரம் நிறுத்தியபோது வீடியோ டெக் கெசட்டைத் தின்னத் தொடங்கியது.

அவர் முழங்காலிட்டு, சிக்கிய நாடாவை இழுத்தார். படம் நின்றாலும் விளக்கம் நிற்கவில்லை. இழுத்துக்கொண்டே மிச்சத்தையும் நடித்துக் காட்டினார். வாத்தாகக் குனிந்தார், மாப்பிள்ளையாக நிமிர்ந்தார். நாடா கழுத்தைச் சுற்றி மூக்குக்கண்ணாடியையும் கழற்றிக்கொண்டு போனது. ரவிகுமார் கதிரையிலிருந்து வழுக்கி விழுந்து சிரித்தார். அக்கா முந்தானையை வாய்க்குள் அடைத்துப் பார்த்தார், முடியவில்லை.

நாடாவுக்குள்ளிருந்து ஜனார்த்தனன் கடுமையாகச் சொன்னார்: "சிரிக்கிற இடம் இன்னும் வரலைங்க."

மண்டபம் கிடைத்துவிட்டது. மாதத்தின் முதல் சனிக்கிழமை. படம் தேவையில்லை, ஐயா மட்டும் வந்தால் போதும் என்று கடிதம் வந்திருக்கிறது. அவர் பதில் எழுதிக்கொண்டிருக்கிறார். எட்டுப் பக்கம் தாண்டிவிட்டது. வாத்து இன்னும் ஹேண்டிலில் ஏறவில்லை.