வலப்பக்கம் மாட்டிய சிவப்பு விளக்கு

நில்டா பெத்ரோஸோ படகு ஓட்டக் கற்றுக்கொண்டது ஐம்பது வயதுக்கு மேல். கணவர் ராமோன் இருந்தவரை அவர்தான் ஓட்டினார். அவள் முன்னால் உட்கார்ந்து மாத்தே பானம் கலந்து நீட்டுவாள். அவர் போன பிறகு, படகை விற்றுவிடு என்று சொல்லாதவர் அந்த ஓடைக்கரையில் இல்லை. அவள் விற்கவில்லை. பழைய பெயரைச் சுரண்டிவிட்டு 'போர்ஃபியாதா' என்று எழுதினாள். பிடிவாதக்காரி என்று பொருள்.

ஆற்றின் கிளைகளுக்கு நடுவே கிடக்கும் டிக்ரே தீவுகளில் தெரு கிடையாது. ரொட்டிக்கும் வைத்தியருக்கும் தோழி தெல்மாவின் வீட்டு அரட்டைக்கும் தண்ணீர்தான் வழி. படகு போனால் தீவும் போனதுபோலத்தான். நகரத்தில் இருக்கும் மகன் ஹெர்னானுக்கும் அது தெரியும். மூன்றாம் மாடியில் அவளுக்காக ஓர் அறையை ஒழித்து வைத்துவிட்டுக் காத்திருந்தான்.

அந்தக் கோடையில் உல்லாசப் படகுகள் பெருகிப்போயின. பொழுது சாய்ந்தபின் விளக்கில்லாமல் வருகிறவர்களை ஆற்றுக் காவலர்கள் மடக்கத் தொடங்கினார்கள். நில்டா விளக்குகளை வாங்கிவந்து தானே திருப்புளி பிடித்து மாட்டினாள். வலப்பக்கம் சிவப்பு, இடப்பக்கம் பச்சை, பின்னால் வெள்ளை. அந்த ஆற்றில் மேல்நோக்கிப் போகிறவர்களுக்கு, வழிகாட்டும் சிவப்பு மிதவை எப்போதும் வலக்கைப் பக்கம். ராமோனின் அருகே உட்கார்ந்து வருஷக்கணக்காகப் பார்த்த பழக்கம், கையை அப்படி இழுத்துக்கொண்டு போய்விட்டது.

முதல் நாளே காவலர் இபார்ரா படகை ஒதுக்கச் சொன்னார்.

"நில்டாம்மா, நீங்க இந்தப் பக்கம் போறீங்க, உங்க விளக்கு அந்தப் பக்கம் போறதாச் சொல்லுது."

"சிவப்பு வலப்பக்கம்தானே, இபார்ரா?"

"அது மிதவைக்கு. படகுக்குச் சிவப்பு இடப்பக்கம். எதிர்ல வர்றவன் உங்க விளக்கை நம்பித்தானே திருப்புவான்? நேரா உங்க மேலயே ஏத்திடுவான். நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள மாத்திடுங்க. இல்லேன்னா இருட்டினப்புறம் படகு துறையை விட்டு நகரக்கூடாது."

நியாயம்தான். அதனாலேயே அவளுக்கு இன்னும் கோபம் வந்தது.

தீவு தீவாகப் போய்ச் சாமான் விற்கும் கடைப்படகுக்காரன் இதைப் பார்த்துவிட்டான்; அவனுக்கு வாய் சும்மா இருக்குமா? சேதி நகரம் வரை போய், மறுநாள் மதியமே ஹெர்னான் வந்து இறங்கினான்.

"ஏ கெழவி, வலது இடது தெரியாமத்தான் தனியா ஆத்துல சுத்துறியா? பெட்டியக் கட்டு."

அம்மாவைக் கிழவி என்பது அங்கே செல்லம். அன்றைக்கு அதில் செல்லம் கொஞ்சம் கம்மி.

"நீ ஷூவை மாத்திப் போட்டுக்கிட்டுப் பள்ளிக்கூடம் போனியே, அதுக்காக காலையா வெட்டினோம்?"

"சிரிக்காதம்மா. இன்னைக்கு இதை நீயே சரியா மாட்டிடு, பாப்போம். மாட்டிட்டா இனி நான் வாயே தெறக்கல."

"மாட்டலைன்னா?"

"என்கூடக் கிளம்புற."

"சரி. தள்ளி நில்லு. வெளிச்சத்த மறைக்கிற."

கழற்றுவது சுலபமாக இருந்தது. திரும்ப முடுக்கும்போது திருகாணி பிடிக்கவில்லை. மரத்தில் துளை அகன்றுபோயிருந்தது. அடுக்களைக்குப் போய்த் தீக்குச்சிகளை எடுத்து வந்து, மருந்தை ஒடித்துவிட்டு, துளைக்குள் திணித்து முடுக்கினாள். பிடித்துக்கொண்டது. சுவிட்சைப் போட்டால் சிவப்பு எரிந்தது, பச்சை எரியவில்லை. சூரியன் வில்லோ மரங்களுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. ஹெர்னான் கையை நீட்டினான்.

"தொட்டே, தண்ணியில தள்ளிடுவேன்."

கம்பி முனையைக் காய்கறிக் கத்தியால் சுரண்டினாள். மறுபடி செருகினாள். பச்சை எரிந்தது.

 அவள் இயந்திரத்தின் கயிற்றை இழுத்தாள்.

"இப்ப எங்க போற?"

"தெல்மா வீட்டுக்குச் சீட்டாட. அடுப்புல குழம்பு இருக்கு, சுட வெச்சுச் சாப்பிடு. பெட்டியக் கட்டணும்னா உன்னோடதக் கட்டு."

படகு துறையை விட்டு இடப்பக்கமாகப் போயிற்று. கரையில் நின்றவனுக்குச் சிவப்பு மட்டும் தெரிந்தது. வளைவில் இபார்ராவின் படகு எதிரே வந்தது. இரண்டும் தத்தம் வலப்பக்கம் ஒதுங்கி, சிவப்பும் சிவப்பும் பார்த்துக்கொள்ளக் கடந்தன. இபார்ரா வேகத்தைக் குறைக்கவில்லை. கையை மட்டும் உயர்த்தினார்.

பிறகு போர்ஃபியாதா வளைவில் திரும்பியது. ஹெர்னானின் கண்ணுக்கு எஞ்சியது, விலகிப் போகும் படகின் முதுகில் எரிகிற அந்த ஒற்றை வெள்ளை விளக்கு.