நார்மனுக்கு நான் கொடுத்த உடையாத வேப்

நார்மன் ஹெஸ்லப் என் கடைக்குள் முதல் தடவை வந்தபோது தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வேப், அதாவது ஆவி இழுக்கிற மின்சிகரெட், விற்கிற கடைக்குள் தொப்பியைக் கழற்றுகிற மனுஷனை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சர்ச்சுக்குப் போக வேண்டியவர் வழி தவறி வந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

"சிகரெட்ட விடணும் கண்ணு. இதுல எது எனக்கு ஆகும்?" என்றார்.

"எத்தன வருஷமாப் பிடிக்கிறீங்க?"

"பதினாலு வயசுல ஆரம்பிச்சேன்."

"இப்ப?"

"எழுபது."

"அடேயப்பா! இவ்வளவு நாள் விடாதவருக்கு இப்ப மட்டும் என்ன வந்துது?"

அவர் சுவரிலிருந்த, வேப்பில் ஊற்றுகிற ஜூஸ் பாட்டில்களையே பார்த்துக்கொண்டு, "ஆட்ரிக்கு வாக்குக் கொடுத்துட்டேன்" என்றார். ஆட்ரி அவர் மனைவி. இறந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரியில் கடைசியாக அவள் கேட்டது அது ஒன்றுதானாம். நான் வாயை மூடிக்கொண்டேன். ஹார்ட்டில்பூல் ஊர் முழுக்க என் வாய்க்குப் பேர் உண்டு. அதை நான் மூடுவது அபூர்வம்.

பேனா மாதிரி சின்னதாக ஒன்றைக் கொடுத்தேன். ஆப்பிள் வாசனை ஜூஸ் ஊற்றி, எப்படி இழுப்பது, எப்போது காயில் மாற்றுவது என்று காட்டினேன். உள்ளே பஞ்சு சுற்றிய ஒரு சின்னக் கம்பிச்சுருள், அதுதான் காயில். அது கருகினால் தீய்ந்த வாடை அடிக்கும், கழற்றி எறிந்துவிட்டுப் புதிது திருக வேண்டும். பாட்டில் மூடி திருகத் தெரிந்தால் போதும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு வந்து நின்றார், அதே தொப்பியோடு. "கருகின வாடை வருது கண்ணு. எனக்குக் கழட்ட வரல."

மாற்றிக் கொடுத்தேன். அதற்கடுத்த செவ்வாயும் வந்தார். அப்படியே மூன்று வருஷம்.

மனுஷர் பைப் ஃபிட்டர். கப்பல் கட்டும் தளம் இருந்தவரைக்கும் அங்கே, அது மூடியதும் இரும்பாலையில், அதுவும் போன பிறகு வீடு வீடாகக் குழாய் வேலை. அந்தப் பழக்கம் அவரை விடவே இல்லை. மற்றவர்கள் என் கடைக்கு வந்தால் சும்மா உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார்கள். டாக்ஸி ஓட்டுகிற டெர்ரி இருக்கிறானே, காலையில் வந்து சோபாவில் விழுந்தானென்றால் சவாரி வந்தால்தான் எழுந்திருப்பான். ஒரு சொட்டு ஜூஸ்கூட வாங்க மாட்டான். நார்மன் அப்படி இல்லை. காயிலை என் கையில் கொடுத்த பிறகுதான் உட்காருவார். மாற்றி, ஜூஸ் ஊற்றி, பஞ்சு ஊறக் காத்திருக்கிற நேரம்தான் அவர் உட்காருகிற நேரம். நான் டீ போட்டுக் கொடுப்பேன். இஞ்சி பிஸ்கெட்டை டீயில் முக்கி, அது உடைந்து விழுவதற்குள் வாயில் போட்டுக்கொள்வார். ஆட்ரியைப் பற்றி, கப்பல் தளத்தில் விழுந்து பிழைத்தவனைப் பற்றி, எதிர் வீட்டு நாயைப் பற்றிச் சொல்லுவார். வேப் கைக்கு வந்ததும் எழுந்துவிடுவார்.

"இருங்களேன், மழை பெய்யுது" என்பேன்.

"வேலை முடிஞ்சா பெட்டியத் தூக்கிட்டு வெளிய வந்துடணும் கண்ணு. வேலையில்லாம அடுத்தவங்க வீட்டுல நின்னா திருடன்னு நெனப்பாங்க."

எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். ஒரு குளிர்காலத்தில் கடையைச் சூடாக்குகிற ரேடியேட்டர் ஒழுகித் தரையெல்லாம் தண்ணீர். நான் போனைத் தூக்கி யார் யாரையோ திட்டிக்கொண்டிருந்தேன். நார்மன் மண்டி போட்டு, என் மேஜையிலிருந்த குறடை எடுத்து, துருப்பிடித்த நட்டை இரண்டே நிமிஷத்தில் கழற்றி மாட்டிவிட்டார். "இவ்வளவுதான்" என்று கையைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து வேப்பை எடுத்து என்னிடம் நீட்டினார். "இந்தக் காயில் மட்டும் வர மாட்டேங்குது, பாரேன்."

நானும் வாங்கிக் கழற்றிக் கொடுத்தேன்! கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். நார்மனுடைய புளுகு மூன்று வருஷம் ஓடியது. எதிரே உட்கார்ந்திருந்தவள் அப்பேர்ப்பட்ட மண்டூகம். சில வாரம் கழற்றிய காயிலில் பஞ்சு வெள்ளை வெளேரென்று இருக்கும். "நல்லாத்தானே இருக்கு?" என்றால், "வாடை வருது கண்ணு, என் மூக்கு பொய் சொல்லாது" என்பார்.

காயில் போதாதென்று, மூன்று நாலு மாதத்துக்கு ஒரு தடவை வேப்பையே தொலைத்துவிட்டு வருவார். பஸ்ஸில் விட்டுவிட்டேன், பாத்திரத் தொட்டியில் விழுந்துவிட்டது, கடலில் விழுந்துவிட்டது.

"என்ன பெரிசு, இந்தத் தடவ எங்க விட்ட? நிலாவுலயா?" என்று டெர்ரி சோபாவில் கிடந்தபடியே கேட்பான்.

"உன் டாக்ஸிலதான். நீ வித்துத் தின்னுட்ட" என்பார் நார்மன். இருவரும் வாய் விட்டுச் சிரிப்பார்கள். புதிதாக ஒன்று எடுத்து, ஜூஸ் ஊற்றி, பதினைந்து நிமிஷம் ஊற வைத்துக் கொடுப்பேன். ஓய்வூதியத்தில் வாழ்கிற மனுஷன் இப்படித் தொலைத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆவது என்று எனக்குக் கவலை. ஒரு நாள் கையில் வேப் இல்லாமல் போய், பழையபடி சிகரெட்டுக்குத் திரும்பிவிட்டால் ஆட்ரிக்குக் கொடுத்த வாக்கு என்ன ஆகும்?

இந்த அக்கறைதான் எல்லாவற்றையும் கெடுத்தது. யாராவது கேட்டார்களா? நானாகவே செய்தேன்.

செப்டம்பர் பதினேழு அவருக்குப் பிறந்தநாள், எழுபத்து மூன்று. அதுவும் செவ்வாய்க்கிழமையாக வந்தது. கடைக்குப் புதிதாக வந்திருந்ததிலேயே உசத்தியானது ஒன்றை என் கைக்காசில் எடுத்து வைத்திருந்தேன். கனத்த உலோக உடம்பு, சுற்றிலும் ரப்பர், சின்னத் திரை. தண்ணீர் புகாது, தூசி புகாது. இதன் காயில் வாரக்கணக்கில் உழைக்கும். திரையில் சார்ஜ் தெரியும், எத்தனை இழுப்பு இழுத்தோம் என்ற கணக்குகூட ஓடும். அதோடு பத்துக் காயிலும் அரை வருஷத்துக்கான ஜூஸும் சேர்த்து ஒரு பெட்டியில் போட்டு, ரிப்பன் கட்டிக் கொடுத்தேன்.

பெட்டியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். விற்பனைக்காரி சும்மா இருப்பேனா? வேப்பைப் பிடுங்கித் தரையில் ஓங்கிப் போட்டேன். துள்ளிப் போய் டெர்ரியின் காலடியில் விழுந்தது. எடுத்து, தரை துடைக்கிற வாளியில் முக்கினேன். வெளியே எடுத்து உதறிவிட்டு ஒரு இழுப்பு இழுத்தேன். கடை முழுக்க ஆப்பிள் மேகம்.

"பாத்தீங்களா? உங்க கைக்கு ஏத்தது. டெர்ரி டாக்ஸிய ஏத்தினாலும் உடையாது!"

"அப்ப எத்தன நாள் வரும்?" என்றார் நார்மன்.

"எத்தன நாளா? உங்களுக்கு அப்புறமும் இருக்கும்!"

டெர்ரி கைதட்டினான். "பெரிசு, இனிமே உனக்கு அலைச்சல் இல்ல. ராஜா மாதிரி வீட்லயே உக்காந்து புகை விடு."

"ஆமா" என்றார் நார்மன். அதில் இரண்டு இழுப்பு இழுத்துப் பார்த்தார். "ரொம்ப நல்ல சாமான் கண்ணு. ரொம்ப நன்றி." டீயை முழுக்கக் குடித்தார். வேலை முடிந்திருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். வாசலில் நின்று தொப்பியைப் போட்டுக்கொள்ள வழக்கத்தைவிட நேரம் எடுத்தது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பரிசைப் பார்த்து மனசு இளகிவிட்டது என்று நினைத்தேன்.

அடுத்த செவ்வாய் அவர் வரவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. "பாத்தியா, என் வேப்போட பவரை!" என்று டெர்ரியிடம் பீற்றிக்கொண்டேன்.

அக்டோபர் நடுவில் ஒரே ஒரு தடவை வந்தார். அன்றைக்கென்று கடையில் வரிசை நின்றது. நார்மன் தம் முறை வரும்வரை காத்திருந்து, பெட்டியிலிருந்து வேப்பை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"இதுக்கு ஏதாவது பண்ணணுமா கண்ணு? சுத்தம் கித்தம்?"

எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. காயில் புதுசாக இருந்தது. பின்னால் ஒருவன் கனைத்தான்.

"ஒரு எழவும் பண்ண வேண்டாம்! அது உங்களையும் என்னையும் தூக்கிச் சாப்பிட்டுரும். சும்மா சும்மா இதத் தூக்கிட்டு வந்தீங்க, அடிப்பேன். கிறிஸ்மஸுக்கு முந்தின நாள்தான் இனி உங்க மூஞ்சிய நான் பாக்கணும், தெரிஞ்சுதா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நார்மனும் சிரித்தார். "சரி கண்ணு, கிறிஸ்மஸுக்கு முந்தின நாள்" என்று வேப்பைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். "அடுத்தது யாரு?" என்று நான் கூப்பிட்டேன்.

அவரை நான் பார்த்தது அதுதான் கடைசி. நுணலும் தன் வாயால் கெடும். ஆனால் என் வாயால் கெட்டது நான் இல்லையே.

ஜனவரியில் ஒரு பெண் கனத்த துணிப்பையோடு கடைக்குள் வந்தாள். பழைய வேப்புகளை நாங்கள் திரும்ப வாங்கிக்கொள்வோம், பாட்டரி இருப்பதால் குப்பையில் போடக்கூடாது. அதற்காக வாசலருகே ஒரு தொட்டி உண்டு. அதைத்தான் காட்டினேன். அவள் தொட்டிப் பக்கம் போகவில்லை.

"நீங்கதான் பெவ்வா?"

"ஆமாம்மா. பெவர்லி."

"நான் ஜில்லியன். நார்மன் ஹெஸ்லப்போட அண்ணன் மக. லீட்ஸ்லேருந்து வர்றேன். சித்தப்பா டிசம்பர் ஒம்பதாந்தேதி தவறிட்டாங்க."

டெர்ரி சோபாவிலிருந்து எழுந்து நின்றுவிட்டான். சளி நெஞ்சில் இறங்கி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய் இரண்டாம் நாள் போய்விட்டாராம். சொல்லி அனுப்ப யாரும் இல்லை. யாருக்குச் சொல்வது என்று அவளுக்கும் தெரியவில்லை.

பையை மேஜையில் கவிழ்த்தாள். பேனா மாதிரி சின்ன வேப்புகள், பத்து. பஸ்ஸில் விட்டது, பாத்திரத் தொட்டியில் விழுந்தது, கடலில் விழுந்தது, எல்லாம் அங்கே கிடந்தன. "சமையலறை டிராயர்ல துணியில சுத்தி வச்சிருந்தார்" என்றாள். ஒன்றை எடுத்து சார்ஜ் வயரில் செருகினேன். விளக்கு எரிந்தது. அடுத்ததைச் செருகினேன். அதுவும் எரிந்தது. ஒவ்வொன்றாகப் பத்தையும் செருகிப் பார்த்தேன். பத்தும் எரிந்தன. ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறையக் காயில்கள், என்னிடம் வாங்கியவை, பிரிக்காதவை. துருப்பிடித்த நட்டைக் கழற்றியவருக்குக் காயில் மாற்ற வராமலா இருந்தது!

கடைசியாக என் ரிப்பன் கட்டிய பெட்டி. உள்ளே அந்த உடையாத சாமான். பொத்தானை அழுத்தினேன். திரையில் இழுப்புக் கணக்கு பத்தொன்பது என்று வந்தது. மூன்று மாதத்தில் பத்தொன்பது. அதில் மூன்று என் கடையிலேயே இழுத்தது, அந்த மூன்றிலும் ஒன்று நான் இழுத்தது.

"அப்போ அவர் எதப் பிடிச்சாரு?" என்று டெர்ரி கேட்டான். நான் கேட்கப் பயந்த கேள்வி.

"சிகரெட்தான்" என்றாள் ஜில்லியன். "திரைச்சீலையெல்லாம் நாத்தம். சித்திக்கு வாக்குக் கொடுத்தாரேன்னு எனக்குக் கோபம்கூட வந்துது. எதிர் வீட்டம்மா சொன்னாங்க, அக்டோபர் கடைசிலேருந்து தினம் காலையில பெட்ரோல் பங்க் கடைக்கு நடந்து போவாராம். ஒரு பாக்கெட் வாங்கிட்டு, கல்லாவுல இருக்கற பொண்ணுகிட்ட கொஞ்ச நேரம் நின்னு பேசிட்டு வருவாராம்."

எனக்குப் புரிந்துவிட்டது. பெட்டி நிறைய ஜூஸும் காயிலும் கொடுத்து வீட்டோடு உட்கார வைத்துவிட்டேன். அதற்கு மேல் வேப்புக்காக அவர் யார் வாசலுக்கும் போக வேண்டியதில்லை. சிகரெட் அப்படி இல்லை. தினம் தீரும். தீர்ந்தால் தினம் போய் வாங்கலாம். சும்மா வாங்க, சும்மா உட்காருங்க, காயிலும் வேண்டாம் கருமாந்திரமும் வேண்டாம் என்று இந்த மூன்று வருஷத்தில் ஒரு தடவை சொல்லியிருக்கக் கூடாதா? தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்கிற கதைதான், இப்போது அழுது என்ன பிரயோஜனம்.

"இன்னொன்னு இருக்கு" என்று ஜில்லியன் ஒரு சுவர் காலண்டரை எடுத்தாள். வருஷா வருஷம் நான் வாடிக்கைக்காரர்களுக்குக் கொடுக்கிற காலண்டர், கீழே கடை விலாசம் போட்டது. "இதப் பாத்துத்தான் வந்தேன். ஒவ்வொரு செவ்வாயும் 'பெவ்'னு எழுதியிருக்கார். சித்தப்பாவுக்கு யாரோ சிநேகிதி இருக்காங்க போலன்னு சந்தோஷப்பட்டேன்."

நான் பக்கங்களைப் புரட்டினேன். ஜனவரி, பிப்ரவரி, மார்ச், எல்லாச் செவ்வாயிலும் பென்சிலால் பெவ், பெவ், பெவ். செப்டம்பர் பதினேழு வரைக்கும். அதற்கப்புறம் கட்டங்கள் காலி. அக்டோபரில் ஒன்று. நவம்பரில் எதுவுமே இல்லை.

டிசம்பருக்குத் திருப்பினேன். இருபத்து மூன்றாம் தேதிக் கட்டத்தில் 'முடி வெட்டணும்' என்று இருந்தது. இருபத்து நான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, 'பெவ், 11 மணி.' அதன் கீழே பென்சிலால் இரண்டு கோடு.

அந்த இருபத்து நான்காம் தேதி காலை பத்து மணிக்கே நான் கடையைப் பூட்டிவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டேன். நார்மனிடம் நான் சொன்னது அன்றைக்கு என் ஞாபகத்திலேயே இல்லை.