நடுச்சந்தில் கவிழ்ந்த ட்ரம்

நவி மும்பையில், வாஷி வீட்டுப் பால்கனியில், காலில் வெள்ளை வரியுள்ள கொசு ஒன்று பட்டப்பகலில் என்னைக் கடித்தது. சிறுவயதில் தாராவிச் சந்தில் தண்ணீர் பிடித்துவைத்த எங்கள் நீல ட்ரம் நினைவுக்கு வந்தது.

அக்காவுக்கு டெங்கு வந்தபோது சந்தே சாக்கடையைத் திட்டியது. சோதிக்க வந்த மாநகராட்சிப் பெண் ஊழியர், அந்த ட்ரம்மில் அம்மா பிடித்துவைத்திருந்த குழாய்த் தண்ணீரில் டார்ச் அடித்தார். கொசுப்புழுக்கள் நெளிந்தன. சாக்கடைக் கொசு வேறு, டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும் என்று இந்தியில் சொன்னார்.

அம்மா நினைத்திருந்தால் அதை மறைத்திருக்கலாம். ஆனால் ட்ரம்மை நடுச்சந்துக்கு உருட்டிவந்து கவிழ்த்தாள்.

"யக்கா, புழு எங்க வீட்டுலதான் இருந்திருக்கு. உங்க ட்ரம்மையும் தொறந்து பாருங்க!"

அன்று சந்து முழுக்க நல்ல தண்ணீர் ஓடியது.

இப்போது பால்கனியின் பூந்தொட்டித் தட்டைப் பார்த்தேன். அதே புழுக்கள். கவிழ்த்துவிட்டு, அம்மாவின் மகளாகப் பக்கத்து வீட்டு மணியை அடித்தேன்.