மாமாவைக் குளிக்க வைத்த கதை

எங்கள் வகுப்பில் நகம் பார்க்கிற லீடர் நான்தான். காலையில் பிரேயர் முடிந்ததும் எல்லாரும் வரிசையாகக் கையை நீட்ட வேண்டும். நகத்தில் அழுக்கு இருந்தாலோ, தலை சீவாமல் வந்திருந்தாலோ, டீச்சரிடம் பெயரைச் சொல்வது என் வேலை. திருவனந்தபுரத்து மலையாளப் பள்ளிக்கூடத்தில், தமிழ்ப் பிள்ளை என்பதால் முதுகுக்குப் பின்னால் பாண்டிக்காரி என்று சொல்லப்படுகிற ஒருத்திக்கு இந்தப் பதவி கிடைத்தது லேசுப்பட்ட காரியமில்லை. அதனால் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் உண்டு. அந்தத் தலைக்கனத்தோடுதான் அந்த வருஷக் கோடை விடுமுறையில் மாமாவுக்கும் லீடர் ஆனேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரிலிருந்து அப்பாதான் அவரை வேலைக்குக் கூட்டிவந்தார். அப்பா கொத்தனார்களுக்கு மேஸ்திரி. கழக்கூட்டம் பக்கம் எழும்பிக்கொண்டிருந்த பெரிய ஃப்ளாட் ஒன்றில் அவருடைய ஆட்களுக்குப் பூச்சு வேலை. அம்மா அங்கேயே சித்தாள். கிள்ளியாற்றங்கரையில் லைன் வீட்டில் எங்களுக்கு ஒரே ஒரு அறை. அதில் சுவரோரம் மாமாவின் பாய். மாமாவைப் போல் கம்பும் பலகையும் கட்டின சாரத்தில் ஏற ஆள் கிடையாது என்று அப்பா போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். அக்காள் தம்பி என்று பேருக்குத்தானே தவிர, அம்மாவைவிட அப்பாவுக்குத்தான் மாமா மேல் பாசம் என்று அம்மாவே குறைபட்டுக்கொள்வாள்.

பங்குனி மாசத்தில் ஒருநாள் மாமாவுக்குப் பக்கத்தில் நின்று பூசிக்கொண்டிருந்தவர் பலகை புரண்டு விழுந்துவிட்டார். எங்கள் ஊர்க்காரர்தான், கல்யாணமாகி வருஷம் திரும்பவில்லை. மாமா எட்டிப் பிடித்திருக்கிறார். விழுந்தவர் தோளில் கிடந்த துண்டு மட்டும்தான் கையில் வந்தது. அவர் பிழைக்கவில்லை. அந்தத் துண்டை ஆஸ்பத்திரி வரைக்கும் மாமா விடவேயில்லை என்று அம்மா பக்கத்து அறை அக்காவிடம் சொல்லி அழுதாள். நான் தூங்குவதாக நினைத்துச் சொன்னது. இப்படித்தான் எனக்கு எல்லா விஷயமும் தெரியவரும்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சாரத்திலிருந்து யாராவது விழுந்துவிட்டால், மறுபடி வேலை தொடங்குகிற அன்று சாரத்தின் அடியில் சூடம் கொளுத்தித் தேங்காய் உடைப்பார்கள். விழுந்த அன்று மேலே நின்ற அத்தனை பேரும் ஒருதடவை ஏறி, உச்சிப் பலகையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு இறங்க வேண்டும். பயம் உடைக்கிறது என்று அதற்குப் பெயர். அப்பாவே ஒருகாலத்தில் விழுந்து, கட்டு பிரித்த அன்றைக்கே நொண்டிக்கொண்டு ஏறியவர். அன்று மட்டும் ஏறாமல் இருந்திருந்தால் ஊரில் மாடு மேய்த்துக்கொண்டிருப்பேன் என்பார். உடைக்காத பயம் உடம்பிலேயே தங்கிவிடும், அப்படிப்பட்டவன் நிற்கிற சாரத்தில் இன்னொருத்தனும் விழுவான் என்று எல்லாரும் நம்பினார்கள். அந்தத் தேங்காய் உடைக்கிற அன்றைக்கு மாமா வயிற்றுவலி என்று பாயிலேயே படுத்துக்கொண்டார். மறுநாள் தலைவலி. அதற்கப்புறம் காரணம் சொல்வதையும் விட்டுவிட்டார்.

பிறகு பல் தேய்ப்பதை விட்டார், குளிப்பதை விட்டார். தட்டில் போட்ட சோறு காய்ந்து கிடக்கும். அம்மா தலையைத் தொட்டுப் பார்ப்பாள், காய்ச்சல் இருக்காது. காய்ச்சல் இல்லாமல் ஒரு ஆள் எப்படிச் சீக்காளியாக இருக்க முடியும் என்று எனக்கு ஒரே குழப்பம். அறைக்குள் நுழைந்தாலே ஒரு வாடை வரும். நகம் வளர்ந்து கறுத்துக் கிடந்தது. என் பதவிக்கே அது இழுக்கு.

ஹெல்த் சென்டரிலிருந்து வீடு வீடாக வந்து தடுப்பூசி விசாரிக்கிற ஆஷா சேச்சி ஒருநாள் வாசலில் நின்றபடியே மாமாவைப் பார்த்துவிட்டார். உள்ளே வந்து அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து நெடுநேரம் பேச்சுக் கொடுத்தார். மாமா சுவரைப் பார்த்தபடி தலையை மட்டும் ஆட்டினார். சேச்சி வெளியே வந்து அம்மாவிடம், இது சோம்பேறித்தனமில்லை, பேயுமில்லை, மனசில் அடிபட்டிருக்கிறது, ஹெல்த் சென்டருக்கு இதற்கென்றே ஒரு டாக்டர் வருவார், கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். அதுவரைக்கும் தினமும் ஏதாவது ஒரு சின்ன வேலையை அவர் கையில் கொடுங்கள், பல் தேய்க்கச் சொல்லுங்கள், ஒரு வாளி தண்ணீர் இறைக்கச் சொல்லுங்கள், ஒன்றைச் செய்துவிட்டால் அடுத்தது வரும் என்றார். போகும்போது என் கன்னத்தைத் தட்டி, "மோளே, மாமனெ தனிச்சு விடல்லே, கேட்டோ" என்றார். மாமாவைத் தனியாக விட்டுவிடாதே என்று அர்த்தம்.

அன்று சாயங்காலம் அம்மா டாக்டர் பேச்சை எடுத்ததும் அப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. அந்த டாக்டரிடம் போனால் ஊரில் என்ன பேர் வைப்பார்கள், அப்புறம் எவன் பெண் கொடுப்பான் என்று கேட்டார். பாயில் கிடந்த மாமாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம். குளிச்சு, சாப்பிட்டு, மனுசனா எந்திரிக்கட்டும். அன்னைக்கே நான் கூட்டிட்டுப் போயி, தேங்கா உடைச்சு, என் கையால ஏத்திவிடுதேன்."

அப்பா அதட்டவில்லை, ஆறுதலாகத்தான் சொன்னார். என் காதில் அது பரிசு அறிவிக்கிற மாதிரி விழுந்தது. மாமா போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டார்.

சித்திரை பிறந்தது. அப்பாவும் அம்மாவும் காலையில் வேலைக்குப் போய்விட்டால் அறையில் நானும் மாமாவும்தான். என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி மாமாவிடமும், மாமாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னிடமும் அம்மா சொல்லிவிட்டுப் போவாள். நான் உடனே பதவியேற்றுக்கொண்டேன். முதல்நாள் கையை நீட்டச் சொன்னேன். நீட்டவில்லை. நானே இழுத்து வைத்து, அப்பாவின் பிளேடை எடுத்துக்கொண்டு வந்தேன். அதைப் பார்த்ததும் மாமா எழுந்து உட்கார்ந்துவிட்டார். என் கையிலிருந்து பிளேடைப் பிடுங்கி, என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, தன் நகத்தைத் தானே வெட்டினார். சேச்சி சொன்னது சரிதான். மறுநாள் பல் தேய்த்தார். அதற்கடுத்து கிணற்றடிக்கு வந்து, எனக்காக ஒரு வாளி இறைத்தார். அப்புறம் ஒருநாள், மற்ற அறைக்காரர்கள் எல்லாரும் வேலைக்குப் போய்க் கிணற்றடி காலியாகக் கிடந்த நேரத்தில், தனக்கும் இறைத்து ஊற்றிக்கொண்டார்.

நான் கைதட்டினேன். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட மாமா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"தாயி, நான் குளிச்சத அப்பாட்ட சொல்லாத, என்ன?"

ஏன் என்று கேட்டேன். வாளியைக் கவிழ்த்து வைத்தார். அம்மாவிடமாவது சொல்லட்டுமா என்றேன். அதுவும் கூடாது என்றார். திருடினதை மறைப்பார்கள், தீ வைத்ததை மறைப்பார்கள்; குளித்ததை மறைக்கிற ஆளை அன்றுதான் பார்த்தேன். டீச்சரிடம் சொல்ல முடியாத லீடருக்கு என்ன மரியாதை இருக்கிறது? ஆனாலும் மாமா என் தலைமேல் கைவைத்துச் சத்தியம் வாங்கிவிட்டதால் வாயை மூடிக்கொண்டேன்.

அதற்கப்புறம் அந்த விடுமுறை நன்றாகத்தான் இருந்தது. காலையில் குளித்து, பழைய சோறு தின்று, மாமா கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்தார். என் கிழிந்த பாவாடையைத் தைத்துக் கொடுத்தார். கடைக்குப் போய்ப் பால் வாங்கி வந்தார். மதியத்துக்கு மேல் அழுக்குச் சட்டையைத் திரும்ப மாட்டிக்கொண்டு, சீவின தலையைக் கையால் கலைத்துக்கொண்டு, பாயில் போய்ப் படுத்துவிடுவார். அப்பா வந்து பார்க்கும்போது பழைய மாமாதான் கிடப்பார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. இது எங்கள் இரண்டு பேருக்குமான விளையாட்டு என்றே வைத்துக்கொண்டேன். அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் மாமாவின் கால் போர்வைக்குள் ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். அதுவும் விளையாட்டில் சேர்த்தி என்று நினைத்தேன்.

ஒருநாள் மதியமே கோடைமழை பிடித்துக்கொண்டது. ஈரத்தில் பூச முடியாது என்று வேலையை நிறுத்திவிட்டார்கள். மழை இரைச்சலில் செருப்புச் சத்தம் கேட்கவில்லை. மாமா வாசற்படியில் உட்கார்ந்து பயறங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். தலையில் எண்ணெய், நெற்றியில் நான் வைத்துவிட்ட திருநீறு. நான் டீச்சரைப் போல நடந்து காட்ட, அவர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தால் மழைக்குள் அப்பா நிற்கிறார்.

அப்பா அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. "மாப்ள" என்று ஒரு வார்த்தைதான் வந்தது. ஈரக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், துடைத்தது மழையை மட்டுமில்லை. நனைந்தபடியே திரும்ப ஓடி, எல்லாருக்கும் பொரோட்டாவும் பழம்பொரியும் வாங்கிக்கொண்டு வந்தார். கூடவே பையில் ஒரு தேங்காயும் இருந்தது. சேச்சி சொன்ன மாதிரி சின்ன வேலையெல்லாம் செய்கிறானே, இன்னும் கொஞ்ச நாள் விடுங்கள் என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். ஆறிப் போனால் அப்புறம் ஏறமாட்டான், எனக்குத் தெரியாதா என்றார் அப்பா. அவர் அனுபவம் அவருக்கு. மாமா பயறங்காய்த் தட்டைக் கீழே வைக்கவேயில்லை.

மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டுதான் போனார்கள். வீட்டில் விட ஆள் இல்லையே. மணல் குவியல் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். சூடம் கொளுத்தினார்கள், அப்பா தேங்காயை உடைத்தார், அது நன்றாக உடைந்ததாக எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். மாமா துவைத்த சட்டை போட்டிருந்தார். ஏறின விதத்தைச் சொல்ல வேண்டும்: தடுமாற்றமே இல்லை, கம்புக்குக் கம்பு கால் தானாகப் போயிற்று. கீழே அப்பா எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டார். மாமா உச்சிப் பலகையைத் தொட்டார். கும்பிடக் கையை எடுக்க வேண்டும் அல்லவா, எடுக்கவில்லை. கம்பைக் கட்டிப்பிடித்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

முதலில் சிரித்தார்கள். அப்புறம் கூப்பிட்டார்கள். இரண்டு பேர் ஏறிப்போய் இழுத்துப் பார்த்துவிட்டு இறங்கினார்கள். கடைசியில் அப்பாவே ஏறினார். மேலே பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி என்னவோ சொல்லிக்கொண்டே, மாமாவின் விரலை ஒவ்வொன்றாகப் பிரிப்பது எனக்குத் தெரிந்தது. தன் இடுப்போடு அவரைக் கயிற்றால் கட்டி இறக்கிக் கொண்டுவந்தார். தரைக்கு வந்ததும் மாமாவின் வேட்டி முன்பக்கம் நனைந்திருப்பதைப் பார்த்தேன். ஆட்களெல்லாம் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள். காலையில்தானே குளித்தார், மறுபடியும் குளிக்க வேண்டியதாகிவிட்டதே என்றுதான் எனக்கு அப்போது தோன்றியது.

அந்த வாரமே தம்பானூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து மாமாவைத் தென்காசி பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். இத்தனை நாளும் நல்லாத்தானே இருந்திருக்கான், நடிச்சிருக்கான் என்று ஆட்கள் பேசியது அப்பாவுக்குத் தாங்கவில்லை. சேச்சி மறுபடி வந்தபோது பாய் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. யாரையும் திட்டாமல், அங்கேயாவது டாக்டரிடம் காட்டுங்கள் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அம்மா அப்பாவோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள்.

ஆடி மாசம் கோயில் கொடைக்கு ஊருக்குப் போனோம். வீட்டுக்குப் பின்னால் விறகு போட்டுவைக்கிற சாய்ப்பில் மாமா இருந்தார். தாடி, சடை, பழைய வாடை. இவ்வளவு பாடுபட்டுச் சொல்லிக்கொடுத்ததை எல்லாம் மறந்துவிட்டாரே என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்தார். கையை நீட்டச் சொன்னேன், நீட்டினார். இழுத்துக்கொண்டு போய்த் துவைகல்லில் உட்கார வைத்து, சோப்பை எடுத்து வந்தேன். அவரே தொட்டியிலிருந்து தண்ணீர் மொண்டார். செம்பு தலைக்கு மேலே போகும்போது கேட்டார்.

"அப்பாவும் வந்திருக்காவளா?"

"வந்திருக்காவ. முன்னால இருக்காவ."

மாமா செம்பைத் தண்ணீரோடு கல்லின் மேல் வைத்தார். சாய்ப்புக்குள் போய்ப் படுத்துக்கொண்டார்.

நான் நேராக முன்வாசலுக்கு ஓடி அப்பாவிடம் புகார் கொடுத்தேன். "குளிக்கத்தான் வந்தாவ. நீங்க வந்திருக்கியளான்னு கேட்டாவ, ஆமான்னேன், அப்பிடியே போய்ப் படுத்துட்டாவ" என்று நடந்ததை நடந்தபடி சொன்னேன். அப்பா எழுந்து போய் ஒரு அதட்டுப் போடுவார் என்று காத்திருந்தேன். அவர் அதட்டவில்லை. நான் சொன்னதைத் திரும்ப ஒருதடவை சொல்லச் சொன்னார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டு, அந்த டாக்டர் விஷயத்தை உன் இஷ்டப்படி செய் என்றார். கொடிக்கம்பியில் காய்ந்துகொண்டிருந்த தன் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, சாய்ப்பு வரைக்கும் கேட்கும்படி, "நான் திருவனந்தரத்துக்குப் போறேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார். கொடைக்கென்று வந்தவர் கொடை பார்க்கவில்லை. வேலை அவசரமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

வெயில் தாழ்ந்ததும் மாமா தானாக எழுந்து வந்து குளித்தார். நான்தான் முதுகு தேய்த்துவிட்டேன். எல்லாரும் விட்டுவிட்ட மாமாவை ஒரே நாளில் குளிக்க வைத்துவிட்டேன் என்று கொடை முடிகிற வரைக்கும் தெருத்தெருவாகப் பெருமை பேசிக்கொண்டு திரிந்தேன்.