அக்கா, நான் எப்ப விழணும்?

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரிக்கு உயிரெல்லாம் வலது மணிக்கட்டில்தான் இருந்தது. பிரிந்துபோன புருஷன் சாயங்காலங்களில் கடை வாசலுக்கு வந்து அதைத்தான் பிடிப்பான். "வீட்டுக்கு வாடி" என்று ரோடு வரை இழுப்பான். கூட்டம் சேர்ந்ததும் விட்டுவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளையாக நடையைக் கட்டுவான். ஒருநாள் கூட்டம் சேராமல் போனால்?

அதற்காகத்தான் ஐகிடோ என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலை வகுப்பில் சேர்ந்தாள். பள்ளிக்கூடச் சாப்பாட்டு ஹாலில் மேசைகளை ஓரங்கட்டி, மெத்தை விரித்து, சம்பளம் வாங்காமல் சொல்லிக் கொடுத்தார்கள். ரொட்டிக்கடை அண்ணன்தான் வாத்தியார். பிடித்தவனின் பலத்தை வைத்தே அவனைக் கவிழ்க்கும் வித்தை. அவள் மணிக்கட்டைத் திருப்பியதும் கூடப் படித்த பிளம்பர் விழுந்தார், நர்ஸ் விழுந்தாள், வாத்தியாரே தொபுக்கடீர். சில மாதங்களில் அவள் நடையே மாறியது. கண்ணாடி துடைக்கும்போது பாட்டு வேறு.

அப்போதுதான் ஒரு பஸ் டிரைவர் புதிதாகச் சேர்ந்தார். அவள் கையைப் பிடித்தார். திருப்பினாள். அவர் நின்றார். மறுபடி திருப்பினாள். மைல்கல் மாதிரி நின்றார்.

"அக்கா, நான் எப்ப விழணும்?" என்று மரியாதையாகக் கேட்டார்.

அவள் வாத்தியார் பக்கம் திரும்பினாள். "அண்ணா, இவ்ளோ நாள் நீங்கள்லாம் சும்மாவா விழுந்தீங்க?"

ரொட்டிக்கடை அண்ணன் தலையைச் சொறிந்தார். "பயந்துபோய் வந்தியேம்மா. கொஞ்சம் சிரிக்கட்டுமேன்னு..."

"பாவம் பாத்தே என்னைக் கொன்னிருப்பீங்க!"

அன்றிலிருந்து டிரைவர்தான் அவளுக்கு ஜோடி. "விழுந்தீங்க, அப்புறம் பேச மாட்டேன்" என்று அவள் கண்டிஷன். பிடி இறுகும்போதெல்லாம் புருஷன் முகம் தெரிந்து கையைப் பின்னால் இழுப்பாள். "இழுக்காத! அவன் பக்கமா காலை வை, கட்டைவிரல் பக்கமா திருப்பு!" என்று அண்ணன் கத்துவார். எப்போதாவது கை விடுபடும். டிரைவர் விழவே இல்லை.

புருஷன் வந்த சாயங்காலம் நல்ல மழை. ரோட்டில் ஈ காக்கா இல்லை. கடையை மூட வந்தவளின் மணிக்கட்டு அவன் கையில்.

"இன்னைக்கு யாருடி வருவா?"

கற்றதெல்லாம் மறந்துபோனது. கால் மட்டும், பழக்கத்தில், அவன் பக்கமாக நகர்ந்தது. கை திரும்பியது. விடுபட்டது.

அவன் விழவில்லை. அவள் எதிர்பார்க்கவும் இல்லை. வெறுங்கையை அவன் பார்த்துக்கொண்டு நின்ற அந்த நேரத்தில் உள்ளே பாய்ந்து, ஷட்டரை இறக்கித் தாழ்போட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெளியே அவன் உதைத்ததில் தகரம் அதிர்ந்தது. அலமாரியில் கண்ணாடிகளெல்லாம் சேர்ந்து நடுங்கின.

ரொட்டிக்கடை அண்ணனைப் போனில் பிடித்தாள். "அவன் வெளிய நின்னு ஷட்டரை உதைக்கிறான். கை வந்துடுச்சு அண்ணா. கால்தான் எழுந்திருக்க மாட்டேங்குது."

"எழுந்திருக்காதம்மா. ஷட்டரையும் தொடாத. போலீசுக்குச் சொல்லிட்டு, டிரைவரையும் கூட்டிட்டு வர்றேன்."